குரங்குப் பிடி

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு பைக்கில் போகிறவர்கள் எல்லாம் வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பது மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை போனால் அங்கே இருக்கும் குரங்குக் குடும்பத்தையும் ஒரு நிமிஷம் பாருங்கள். ஒரே கல்லில் அப்பா, அம்மா, குட்டி. அப்பா அம்மாவுக்குப் பேன் பார்க்கிறார். குட்டி அம்மாவிடம் பால் குடிக்கிறது.

குரங்குக் குட்டி தாயைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்விக்கொண்டு போக வேண்டும். இதை வைத்து நம் வைணவப் பெரியவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதம் செய்திருக்கிறார்கள். மனிதக் குட்டி எந்தக் கட்சி?

1891-ல் லூயிஸ் ராபின்சன் என்ற இங்கிலாந்து டாக்டருக்கு இந்தச் சந்தேகம் வந்தது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத அறுபது குழந்தைகளைக் கைத்தடியைப் பிடிக்கவிட்டு, தூக்கிப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாமே பத்து விநாடியாவது தொங்கின. ஒரு கில்லாடி இரண்டரை நிமிஷத்துக்கு மேல்! (வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். பாட்டி உங்களைத் தொங்கவிட்டுவிடுவார்.)

இந்தப் பிடிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ஆதி அனிச்சை. குழந்தை யோசித்துப் பிடிப்பதில்லை. பெரிய மூளை இன்னும் சார்ஜ் எடுத்துக்கொள்ளாத நேரத்தில் கீழே இருக்கும் மூளைத்தண்டும் தண்டுவடமும் நடத்துகிற இடைக்கால ஆட்சி. கன்னத்தைத் தொட்டால் வாய் அந்தப் பக்கம் திரும்பும். தலை லேசாகப் பின்னால் சரிந்தால் இரண்டு கையையும் விரித்து, பிறகு அணைத்துக்கொண்டு அழும். 1918-ல் இதை விவரமாக எழுதிய எர்ன்ஸ்ட் மோரோவின் பெயராலேயே 'மோரோ' என்கிறார்கள். தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை நீளும், எதிர்ப்பக்கத்துக் கை மடங்கும். கத்திச்சண்டை போடுகிறவன் நிற்கிற மாதிரி. பெரும்பாலானவை ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். அழிவதில்லை, அடங்குகின்றன. வயசான காலத்தில் பக்கவாதமோ மறதி நோயோ வந்து மூளையின் முன்பகுதி பழுதானால், தாத்தாவின் உள்ளங்கையில் விரலை வைத்ததும் இறுக்கிக்கொண்டு விட மாட்டார். அதே குரங்குப் பிடி.

இதுவரை யாருக்கும் தகராறு இல்லை. தகராறு இனிமேல்தான்.

"அடங்காமல் மிச்சம் நின்றுபோன அனிச்சைதான் உன் பையன் படிக்காததற்குக் காரணம்" என்று சொல்கிற ஒரு வைத்தியம் இருக்கிறது. மோரோ மிச்சம் என்றால் பயம், பதற்றம். கத்திச்சண்டை மிச்சம் என்றால் எழுத்துக் கோணல், வாசிப்பில் திணறல். முதுகுத்தண்டின் ஓரம் தடவினால் இடுப்பை வளைக்கிற அனிச்சை மிச்சம் என்றால் நாற்காலியில் நெளிவான், படுக்கையை நனைப்பான், சட்டை லேபிள் உறுத்துகிறது என்பான். இங்கிலாந்தில் பீட்டர் பிளைத் 1975-ல் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். பரிகாரம், குழந்தைக்கால அசைவுகளைத் திரும்பச் செய்வது: நட்சத்திரமீன் மாதிரி கை கால் விரித்துச் சுருங்குவது, பல்லி மாதிரி படுத்து ஊர்வது.

பெரியவர்களையும் விடவில்லை. மேனேஜர் பின்னாலிருந்து கூப்பிட்டால் தூக்கிப் போடுகிறதா? உங்களுக்கும் மோரோ மிச்சமாம்! திடுக்கிடுவது மோரோ அல்ல, சார். அது எல்லாருக்கும் ஆயுசு முழுக்க இருக்கிற வேறு சமாச்சாரம். மேனேஜர் மாறினால் குறையலாம்.

செங்கல்பட்டில் என் எதிர்வீட்டுக்காரர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. பையன் மூன்றாம் வகுப்பு. 'ப'வையும் 'ம'வையும் குழப்புவான், ஒரு பாராவைப் படிக்க அரை மணி நேரம் ஆகும். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு மையத்தில் ஒரு வருஷத்துக்கு பேக்கேஜ் சொன்னார்கள். முன்பணமே அவருடைய ஒரு மாதச் சம்பளம். "அண்ணா, நீங்கதான் பத்திரிகைக்கெல்லாம் எழுதறீங்களே, இது நிஜமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று அவர் மனைவி கேட்டார்.

எனக்குத் தெரிந்தது பி.காம். அதனால் கணக்காகவே பார்த்தேன்.

வரவுப் பக்கத்தில் ஒரு நல்ல எண்ட்ரி இருக்கிறது. பெல்ஃபாஸ்ட்டில் மார்ட்டின் மெக்ஃபிலிப்ஸ் குழுவினர், வாசிக்கத் திணறிய 8 முதல் 11 வயசுப் பிள்ளைகள் 60 பேரை மூன்று இருபதாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அனிச்சை அசைவுகள், ஒரு குழுவுக்குச் சும்மா வேறு அசைவுகள், ஒரு குழுவுக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு மாதம். முதல் குழு வாசிப்பில் நன்றாகவே முன்னேறியது. 2000-ல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. லேசான பத்திரிகை இல்லை.

ஆனால் இருபது பிள்ளைகளை வைத்து ஊருக்கே பில் போட முடியாது. இந்த மாதிரி அசைவுப் பயிற்சிகளை எல்லாம் சேர்த்து 2009-ல் அலசிய ஹயாட் குழுவினர், படிப்புக்கு இவை உதவும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். சரளமாக வாசிக்கிற பிள்ளைகளிடமும் இந்த மிச்சம் லேசாகத் தென்படுகிறது. அதைவிட முக்கியம்: ஒரு வருஷ பேக்கேஜ் முடிந்தால் எந்தப் பையனும் ஒரு வயசு வளர்ந்திருப்பான். அந்த வளர்ச்சியை யார் கணக்கில் வரவு வைப்பது? மையத்தின் கணக்கிலா, பள்ளிக்கூட டீச்சர் கணக்கிலா, காலத்தின் கணக்கிலா? ஒன்றுமே செய்யாத மூன்றாவது குழு எதற்கு என்று இப்போது புரிகிறதா?

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. டோமன், டெலகாட்டோ என்ற இருவர், மூளை பாதித்த குழந்தையின் கை கால்களை நான்கைந்து பேர் பிடித்து, தவழ்வது போலத் தினம் பல முறை அசைத்தால் மூளை சீராகும் என்றார்கள். அக்கம்பக்கத்தார் முறைபோட்டு வந்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1968, 1982, 1999 என மூன்று தடவை அறிக்கை விட்டது: தனிப்பலன் எதுவும் நிரூபணமாகவில்லை, குடும்பம்தான் நொடித்துப்போகிறது.

அப்படியானால் அனிச்சை பார்ப்பதே வீண் வேலையா? அதுதான் இல்லை. மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே வாருங்கள். கோவளம் தாண்டி முட்டுக்காட்டில், படகுக் குழாமுக்குப் போகிற கூட்டம் கவனிக்காத ஒரு மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. பல்வகை மாற்றுத் திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், சுருக்கமாக 'நிப்மெட்'. 2021-ல் நாடு முழுக்கத் தொடங்கிய 14 ஆரம்பநிலைச் சிகிச்சை மையங்களில் ஒன்று இங்கே. ஆறு வயசுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு.

பெருமூளை வாதம் வந்த குழந்தைக்கு அனிச்சை மிச்சம் என்பது சந்தேகமல்ல, தினசரி அவஸ்தை. வலது பக்கம் இருக்கிற இட்லியைப் பார்க்கத் தலையைத் திருப்புவான். திருப்பியதும் வலது கை தானாக விறைத்து நீண்டுவிடும். எதைப் பார்க்கிறானோ அதை வாய்க்குக் கொண்டுவர முடியாது. பசியோடு இருக்கிற பிள்ளைக்கு அவன் கையே எதிரி. இதற்கு நல்ல தெரபிஸ்ட் அனிச்சையை ஒழிக்கிறேன் என்று சபதம் போடுவதில்லை. தலை நடுவில் நிற்கிற மாதிரி நாற்காலியைச் சரிசெய்வார். தட்டை நேர் எதிரே வைப்பார். ஊட்டுகிற அம்மாவை, பக்கவாட்டில் உட்காராமல் எதிரில் உட்காரச் சொல்வார். பிறகு, சாப்பிடக் கற்க வேண்டுமானால் சாப்பிட்டே பழக வேண்டும். ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் 2013-லும் 2020-லும் பெருமூளை வாதச் சிகிச்சைகளை டிராஃபிக் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தபோது, பச்சை கிடைத்தவற்றில் இதுவும் ஒன்று: குழந்தைக்கு வேண்டிய வேலையையே, வீட்டிலும், திரும்பத் திரும்பச் செய்து பழகுவது. இன்னொருவர் கை காலைப் பிடித்து அசைத்துவிடும் பழைய பாணிக்குச் சிவப்பு.

வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தை திடுக்கிடும்போது ஒரு கை மட்டும் விரிந்தால், மற்றத் தோளில் நரம்போ எலும்போ அடிபட்டிருக்கலாம். ஆறு மாதம் தாண்டியும் மோரோ போகவில்லை, கை எப்போதும் மூடியே இருக்கிறது, ஒரு வயசுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் உபயோகிக்கிறது, ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை என்றால் உடனே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாதான் உட்கார்ந்தான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு ஒரு வருஷம் போய்விட்டால், மூளை வேகமாகக் கற்கிற வருஷம் அது, திரும்பக் கிடைக்காது. குழந்தைகளின் இந்த மாதிரிக் குறைகளைக் கண்டுபிடிக்க 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் மாவட்ட மையங்களும் உண்டு. அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

எதிர்வீட்டுப் பையனுக்கு முதலில் கண், காது பார்க்கச் சொன்னேன். கண்ணாடி போட்டும் குழப்பம் முழுக்கப் போகவில்லை. சிறப்பாசிரியர் ஒருவர் வாரம் மூன்று நாள் எழுத்தையும் ஓசையையும் சேர்த்துச் சொல்லித் தருகிறார். இப்போது ஒரு பாராவுக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. அந்த மையத்தின் இலவச டெமோவில் கற்ற பல்லி நடையை மட்டும் அவன் விடவில்லை. தங்கையையும் சேர்த்துக்கொண்டு ஹால் முழுக்க ஊர்கிறான். அவன் அப்பாவுக்கு ஒரே கவலை, பேண்ட் முட்டியில் கிழிகிறதாம்.