மருந்தே இல்லாத மாத்திரை! தெரிந்தே சாப்பிட்டும் வயிற்று வலி குறைந்தது!

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் காலை ரெயிலுக்கு நிற்கிறவர்களில் சிலருக்கு, உட்கார இடம் கிடைக்குமா என்பது கவலை இல்லை. "நடு வழியில் வயிறு கலக்கினால் என்ன செய்வது?" என்பதுதான் கவலை!

மின்சார ரெயிலில் கக்கூஸ் கிடையாது. பீச் ஸ்டேஷன் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பயந்து காபி கூட குடிக்காமல், இரண்டு மூன்று தடவை "போய் விட்டு" வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு.

டாக்டரிடம் போனால் ரத்தம், மலம், ஸ்கேன் என்று எல்லாம் பார்ப்பார்கள். "ஒன்றுமில்லை" என்று ரிசல்ட் வரும். ஆனால் வலி நிற்காது. சிலருக்குப் பேதி, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும்.

இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்துள்ள பெயர் ஐ.பி.எஸ். (போலீஸ் ஐ.பி.எஸ். அல்ல!). குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடல் வேலை செய்யும் விதத்தில்தான் கோளாறு.

மூளையும் குடலும்

மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. பரீட்சைக்குப் போகும் பையனுக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான். ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு இந்தத் தொடர்பு அளவுக்கு மீறி வேலை செய்கிறது.

ஆகவே மனதுக்கு வைத்தியம் செய்தால் வயிறு அடங்குமா என்று பார்த்தார்கள். பயத்தைக் குறைக்கும் பேச்சு சிகிச்சை கொடுத்தார்கள். ஹிப்னாடிசமும் செய்து பார்த்தார்கள். பலருக்குக் குணம் தெரிந்தது.

குணம் எதனால்?

இங்கேதான் ஒரு சிக்கல். குணம் தந்தது சிகிச்சையா? அல்லது "நமக்கு வைத்தியம் நடக்கிறது" என்ற நம்பிக்கையா?

மாத்திரை என்றால் கண்டுபிடிப்பது சுலபம். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு டம்மி மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்று சொல்லாமல் விட்டு விடலாம். பேச்சு சிகிச்சையில் அது முடியாது. டம்மியாகப் பேசுவது எப்படி?

அமெரிக்காவில் ஒரு வழி செய்தார்கள். 436 நோயாளிகளை வைத்து நடந்த அந்த ஆராய்ச்சி 2018-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு 4 தடவை பேச்சு சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கும் 4 தடவை சந்திப்புதான். ஆனால் நோயைப் பற்றிய விளக்கம் மட்டும்.

பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 61 பேர் நல்ல குணம் என்றார்கள். வெறும் விளக்கம் கேட்டவர்களிலும் 100-க்கு 43 பேருக்கு மேல் அதையே சொன்னார்கள்!

தானாக ஏறி இறங்குவது இந்த நோயின் குணம். அதுவும் இந்தக் கணக்கில் சேரும். ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பதே பாதி வைத்தியம் என்பது தெரிகிறது. அதற்கு மேல் கிடைத்த குணம்தான் சிகிச்சையின் சொந்தப் பலன்.

டாக்டரின் அன்பு

2008-ல் வெளிவந்த இன்னொரு ஆராய்ச்சியில் 262 பேர். தோலில் இறங்காத டம்மி ஊசியால் "அக்குபங்சர்" செய்தார்கள். எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களில் 100-க்கு 28 பேருக்குத்தான் போதிய நிவாரணம். டம்மி ஊசி மட்டும் பெற்றவர்களில் 44 பேர். டம்மி ஊசியோடு அன்பாக, ஆறுதலாகப் பேசியபோது 62 பேர்!

பொய் வேண்டாம்

அப்படியானால் நோயாளியை ஏமாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. 2010-ல் பாஸ்டன் நகரில் 80 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேரிடம், "இதில் மருந்து இல்லை. ஆனாலும் உடம்பு தானாகக் குணமாக இது உதவக்கூடும்" என்று உண்மையைச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். 3 வாரத்தில் அவர்களில் 100-க்கு 59 பேருக்குப் போதிய நிவாரணம். மாத்திரை இல்லாதவர்களில் 35 பேருக்குத்தான்.

இந்தியாவில், டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 22 ஆண்களிடம் சோதனை நடத்தி 2004-ல் வெளியிட்டார்கள். ஒரு தரப்புக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை. மறு தரப்புக்கு யோகாசனம், மூச்சுப் பயிற்சி. 2 மாதத்தில் இரு தரப்புக்கும் தொல்லை குறைந்தது. இதிலும் எவ்வளவு ஆசனம், எவ்வளவு நம்பிக்கை என்று பிரிப்பது கஷ்டம்தான்.

"எல்லாம் மனப்பிரமைப்பா, போப்பா" என்று விரட்டுவது தவறு என்பதை இவை காட்டுகின்றன. வலி நிஜம். நம்பிக்கையால் குறைந்தாலும் அந்த நிவாரணமும் நிஜம். "ஒரே வாரத்தில் குணம்" என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களுக்குப் பிழைப்பு நடப்பதும் இதே நம்பிக்கையால்தான். ஜாக்கிரதை!

இதை மறக்காதீர்கள்

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தொல்லை... இதில் ஒன்று இருந்தாலும் "வெறும் பயம்தான்" என்று இருந்து விடக்கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.