அரிசி டப்பாவில் கிடந்த ரசீதுகள்

காலை எட்டு மணிக்கு எங்கள் நெருப்பெரிச்சல் ரோட்டைப் பார்க்க வேண்டும். டிபன் கேரியரும் கையுமாக பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள்தான் வழி நெடுக. அப்படிப் போன ஒருத்தியை, ஓவர்லாக் தைப்பவள், பைக் இடித்துத் தள்ளியதில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. திருப்பூர் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள்.

சாட்சி விசாரணை முடிந்து, வக்கீல்கள் வாதம் மட்டும் பாக்கி. அப்போது ஓடி வருகிறாள். "அக்கா, பிளேட் எடுக்க ரெண்டாவது ஆபரேஷன் பண்ணுன ரசீதெல்லாம் அரிசி டப்பாவுக்கு அடியில கெடந்துதுங்க. அத்தை பத்திரமா வெச்சு மறந்துட்டாங்களாமா. இனிமே கோர்ட்டுல வாங்குவாங்களா?"

வாங்குவார்கள், ஆனால் கேட்டதும் அல்ல. சாட்சியத்தை மறுபடி திறக்கும்படி மனுப் போட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சொத்து வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நியாயம் கிடைக்க அவசியமென்றால் சாட்சியம் முடிந்த பிறகும் திறக்கலாம். அதையே வாடிக்கையாக்கக் கூடாது. இழுத்தடிக்கப் போட்ட மனு என்றால் செலவுத் தொகையோடு தள்ளிவிடலாம். விபத்து வழக்குகளிலோ 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டமே சுருக்கமான விசாரணைக்கு இடம் தருகிறது. அதனால் இன்னும் கொஞ்சம் நெகிழ்வு உண்டு.

ஏன் தாமதம், அந்தக் காகிதம் வழக்குக்குத் தேவையா, இந்த இரண்டையும்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். அத்தை மறந்ததை அப்படியே பிரமாணப் பத்திரத்தில் எழுதச் சொன்னார் வக்கீல். (அத்தைக்குத்தான் ரோஷம்!) இன்சூரன்ஸ் தரப்பு ஆட்சேபித்தது. அவர்களுக்குச் சிறு தொகை கட்டச் சொல்லி, குறுக்கு விசாரணைக்கும் வாய்ப்புக் கொடுத்து, ரசீதுகளை ஏற்றார் நீதிபதி.

"சின்னத் தொகைதானே, மேல் கோர்ட்டில் பார்த்துக் கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். தகராறில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவானால் மேல் முறையீடே கிடையாது என்று 2019 திருத்தம் சொல்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலானது. வழக்குப் போடுவதற்கே ஆறு மாதக் கெடு வைத்ததும் அதே திருத்தம்தான். தொகை பெரிதாகி மேல் முறையீடு போனாலும், எத்தனை முயன்றும் முன்பு கிடைக்கவில்லை என்பது போன்ற தக்க காரணம் இல்லாமல் அங்கே புதுக் காகிதம் ஏறாது.

இன்னொன்று: ஊனம் இத்தனை சதவீதம் என்ற சர்டிபிகேட் மட்டும் போதாது. அந்தக் காயம் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டுமென 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மணிக்கட்டு மடங்காதவள் ஓவர்லாக் மிஷினில் துணியை எப்படித் திருப்புவாள்? இதைச் சொல்ல, வைத்தியம் பார்த்த டாக்டரின் சாட்சியும் வாரச் சம்பளச் சீட்டுகளும் வேண்டும்.

மருந்துக் கடை ரசீதுகள் பல, சூடு பட்டால் எழுத்து வெளுத்துப் போகிற காகிதம். அடுப்படியில் வைக்காதீர்கள், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு சேர்த்து வையுங்கள். இவள் ரசீதுகளில் இரண்டு வெள்ளைத் தாளாகவே இருந்தன. நல்ல வேளை, கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடி மறு நகல் எடுத்துக் கொடுத்தார்.