நெய்தற் கரையில் நிரற் கல்வி

நிரல் என்பது தமிழுக்குப் புதிய சொல்லன்று. வரிசை, ஒழுங்கு என்னும் பொருளில் அது நம் இலக்கண நூல்களில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. நன்னூலார் வகுத்த பொருள்கோள் எட்டனுள் நிரல்நிறை என்பதும் ஒன்று. பெயர்களை ஒரு வரிசையிலும் அவை கொள்ளும் பயனிலைகளை மற்றொரு வரிசையிலும் நிறுத்தி, முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் கூட்டிப் பொருள் கொள்வது அது. வரிசை பிறழ்ந்தால் பொருளும் பிறழும். கணினிக்கு இடும் கட்டளைத் தொடருக்கு நிரல் என்று பெயரிட்டோர் மிகப் பொருத்தமான சொல்லையே தேர்ந்தனர்.

இந்த நிரற் கல்வியை இன்று திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் நாடுவோர் எல்லாரும் ஓய்வும் வசதியும் உடையவர்கள் அல்லர். விடியற்காலையில் மீன்சந்தையில் நிறுவைக் கணக்கு எழுதிவிட்டு வகுப்புக்கு ஓடும் மாணாக்கன் உண்டு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள விடுதிகளில் மாலைப்பணி முடித்து இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறப்பவன் உண்டு. சிறு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துத் தன் படிப்புச் செலவைத் தானே தேடும் மாணவியும் உண்டு. கல்வி, கூலி, நிரல் என்னும் மூன்றையும் ஒரே நாளுக்குள் அடக்க முயலும் இவர்களுக்கு நாம் என்ன சொல்லலாம்? அதனினும் முக்கியமாக, என்ன செய்யலாம்?

துறைமுகம் தந்த பாடம்

இவ்வூர் தன் துறைமுகத்தையே நம்பி வாழ்ந்த ஊர். 1957 இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது, அத்தளத்தைச் சார்ந்து பிழைத்த குடும்பங்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஓரிடத்தையே பற்றி நிற்கும் தொழில், அவ்விடம் கைமாறும்போது தானும் தளர்கின்றது. நிரலெழுதும் தொழிலோ ஓரிடத்தோடு பிணைந்ததன்று. உட்துறைமுக வீதியில் ஒரு சிறு வீட்டில் இருந்துகொண்டே பிற நாட்டு நிறுவனத்துக்குப் பணி செய்ய இயலும். பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமல் உழைத்து வாழ ஒரு வாயில் திறந்திருக்கின்றது என்பதே பெற்றோரின் நம்பிக்கை.

வாயிலைச் சென்றடையும் வழிகளும் இல்லாமல் இல்லை. கோணேசபுரியில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியல் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. அங்கு இடம் பெறாதோர்க்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே தாமே பயின்று பரீட்சை எழுதலாம். கடல் கடந்தால், சென்னை ஐ.ஐ.டி. நிறுவனம் 2020 இல் நிரலாக்கமும் தரவு அறிவியலும் பயிற்றும் இணையவழிப் பட்டப்படிப்பொன்றைத் தொடங்கிற்று. வேறொரு படிப்பிலோ தொழிலிலோ இருப்போரும் அதிற் சேரலாம்.

வழி இருந்தும் பலர் பாதியில் நின்றுவிடுகின்றனர். அறிவுக்குறையை இதற்குக் காரணமாகச் சொல்வது அநீதி. காரணம் நேரம் துண்டுபடுவதே. இரண்டு மணி நேரம் ஒருசேரக் கிடைப்பதற்கும், அரைமணி அரைமணியாக நான்கு முறை கிடைப்பதற்கும் வேற்றுமை பெரிது. ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைத் தேடுவதிலேயே பாதி நேரம் கழிந்துவிடும். 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களை நினைத்தால், நம் பிள்ளைகள் எத்தகைய இடையூறுகளுக்கு நடுவே கற்றனர் என்பது விளங்கும்.

இரவில் ஏடு பார்த்த உத்தியோகத்தர்

துண்டு நேரத்தில் பெருங்காரியம் செய்தவர் நம் மரபிலேயே உளர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தமிழ்நாட்டில் அரசாங்கக் கணக்குத் துறையிற் கடமையாற்றினார். அக்காலத்திலேயே சட்டம் பயின்று 1871 இல் பி.எல். தேறினார். பின்னர் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணிபுரிந்தார். இத்தனைக்கும் நடுவே 1881 இல் வீரசோழியமும் 1887 இல் கலித்தொகையும் அவர் முயற்சியால் அச்சேறின. பகலிற் பிறர் கணக்கு. ஓய்ந்த பொழுதிலே தமிழின் கணக்கு.

அவர் செய்த வேலையின் தன்மையை உற்று நோக்குவோம். ஓர் ஏட்டை எடுத்து, மற்றோர் ஏட்டோடு ஒப்பிட்டு, எங்கே எழுத்துப் பிழைத்தது, எங்கே அடி விடுபட்டது, எது மூலபாடம் என்று வரிவரியாகத் துருவுவது பதிப்பாசிரியன் தொழில். நிரலெழுதுவோன் பொழுதிற் பெரும்பகுதியும் இவ்வாறே கழிகின்றது. எழுதுவது சிறிது நேரம். பிழை தேடுவது நெடுநேரம். ஒரு புள்ளி தவறினாலும் நிரல் ஓடாது. ஆகவே, துண்டு நேரம் மட்டும் உடையவன் செய்யத்தக்கது இதுவே: ஒவ்வோர் அமர்விலும் ஒரு சிறு நிரலை முற்ற முடிக்க வேண்டும். முடியாதாயின், அடுத்து என்ன செய்ய எண்ணினான் என்பதை ஒரு கொப்பியில் ஒருவரி எழுதிவிட்டு எழ வேண்டும். மறுநாள் அந்த ஒருவரி அரைமணி நேரத்தை மீட்டுத் தரும்.

தமிழறிவு தடையாகுமா?

ஆங்கிலம் அறியாதவன் நிரல் பயில இயலாது என்ற அச்சம் பலரைப் பின்னிழுக்கின்றது. ஆங்கிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதற்படியே ஆங்கிலமாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கி 2013 இல் பொதுவெளிக்கு வந்த எழில் என்னும் நிரல்மொழி முழுதும் தமிழ்ச் சொற்களால் ஆயது. திரையிற் காட்டுக என்பதற்கு அங்கே பதிப்பி என்பதே கட்டளை. ஆங்கிலத்தில் நிபந்தனையைக் குறிக்கும் இடைச்சொல் முன்னே வரும். எழிலில் நிபந்தனை முன்னே நிற்க, ஆனால் என்பது பின்னே வருகின்றது. அதுவே தமிழ்த் தொடரின் இயல்பு. இவ்வாறு கருத்தைத் தாய்மொழியிற் பிடித்துக்கொண்டவனுக்கு, பின்னர் பைத்தன் முதலிய மொழிகளிற் புகுவது எளிது.

இலக்கணம் பயின்றவனுக்கு இத்துறை அந்நியமும் அன்று. 1959 இல் ஜான் பாக்கஸ் என்பார் நிரல்மொழியின் அமைப்பை விதிகளாக எழுதிக் காட்டும் முறையொன்றை வகுத்தார். அத்தகைய முறையை வடமொழி இலக்கணத்திற் பாணினி முன்னரே கையாண்டமையால், அவர் பெயரையும் சேர்த்தே அதனை வழங்க வேண்டுமெனப் பீட்டர் இங்கர்மன் 1967 இல் எழுதினார். சூத்திரம் படித்த பிள்ளைக்கு விதியும் விதிவிலக்கும் பழகிய பொருள்களே.

ஒரு பயிற்சியை மாணாக்கர் செய்து பார்க்கலாம். திருகோணமலை என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று சிறு குழந்தையைக் கேட்டால் ஆறு என்று சொல்லும். பைத்தன் மொழியிற் கணினியைக் கேட்டாற் பத்து என்று சொல்லும். யூனிகோட் முறை உயிர்மெய்யின் மெய்யுருவையும் உயிர்க்குறியையும் வெவ்வேறாக எண்ணுவதே காரணம். கணினி ஆறு என்று விடை கூறுமாறு ஒரு நிரல் எழுதட்டும். பத்து வரிக்குள் அடங்கும் அந்த வேலைக்கு, எழுத்திலக்கணம் தெரிந்தவனே தகுந்தவன்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே இன்று நிரலை எழுதித் தருகின்றனவே, இனிக் கற்பானேன் என்று வினவுவோர் உளர். பிரதி செய்பவர் கிடைத்துவிட்டார் என்பதனாற் பாடம் பார்ப்பவர் வேண்டாதவர் ஆவதில்லை. அக்கருவிகள் பிழையையும் தயங்காது எழுதித் தரும். பிழை எதுவெனக் காணும் கண், தன் கையால் எழுதிப் பழகியவனுக்கே வாய்க்கும்.

நம் பங்கு

உழைத்துக்கொண்டே படி என்று இளைஞருக்கு உபதேசம் செய்வது எளிது. உறக்கத்தைக் குறைத்துக் கொள் என்பதே அதன் மறுபெயராகிவிடக் கூடாது. உடல் தளர்ந்தால் மூன்றும் கெடும். க.பொ.த. உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் நிரலைச் சற்றே ஒதுக்கி வைப்பதில் இழுக்கொன்றுமில்லை. ஒரு திங்களிலே நிபுணராக்குவோம் என்று பெருந்தொகை கேட்கும் விளம்பரங்களையும் நம்ப வேண்டா.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பாடசாலைகள் பலவற்றிற் கணினி அறை உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் அது பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றது. வீட்டிற் கணினி இல்லாத பிள்ளை கைத்தொலைபேசியின் சிறு திரையிலே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிரல் எழுதுகின்றது. வாரத்தில் இரண்டு நாள், மாலை நான்கு முதல் ஆறு வரை, ஓர் ஆசிரியர் பொறுப்பில் அவ்வறையைத் திறந்து வைத்தல் என்ன? இருட்டுமுன் பெண்பிள்ளைகளும் வீடு திரும்பலாம். அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். புதிய ஆசிரியரும் வேண்டாம். அதிபரின் இசைவும், பழைய மாணவர் சங்கத்தின் சிறு துணையும், முறைவைத்துத் திறக்கும் நால்வரும் போதும்.

துண்டுபட்ட நேரத்தை ஒட்டித் தருவது மாணாக்கனால் மட்டும் ஆகக்கூடியதன்று. ஒருசேர இரண்டு மணி நேரத்தை அவனுக்கு நாம் கொடுப்போம். மிகுதியை அவன் செய்துகொள்வான்.