ஆற்றின் மேல் ஓர் அரண்மனை

பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில் லுவார் என்னும் பேராறு பாய்கிறது. அதன் கரைகளிலும் துணையாறுகளின் கரைகளிலும் மன்னர்களும் பிரபுக்களும் எழுப்பிய மாளிகைகள் பல உள. புதுச்சேரியிலிருந்து சென்று பாரிசில் குடியேறிய என் தாய்மாமன் அழைத்ததால், கோடை விடுமுறையில் அவற்றுள் இரண்டைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

முதலில் ஷாம்போர். 1519-இல் முதலாம் பிரான்சிஸ் மன்னன் தொடங்கியது; நானூறுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்டது. ஒன்றையொன்று சுற்றி மேலேறும் இரட்டைப் படிக்கட்டில் மாமா ஒரு வழியாகவும் நான் மறு வழியாகவும் ஏறினோம். இடையிலுள்ள திறப்புகளில் ஒருவரையொருவர் பார்த்தோமே தவிர, மேலே போகும்வரை சந்திக்கவேயில்லை! ஆனால் இத்தனையும் கட்டிய மன்னன் இங்குத் தங்கியது சில வாரங்களே என்று அறிந்ததும் என் வியப்பில் பாதி குறைந்துவிட்டது.

மறுநாள் கண்ட ஷெனோன்சோதான் என்னைக் கட்டிப் போட்டது. ஷேர் என்னும் துணையாற்றின் கரையோரமாக, நீரிலேயே நிற்கிறது மாளிகை. 1547-இல் இரண்டாம் ஹென்றி இதைத் தன் காதற்கிழத்தி தியானுக்கு அளித்தான். அவள் மாளிகையிலிருந்து எதிர்க்கரைக்குக் கல்பாலம் கட்டினாள். 1559-இல் மன்னன் இறந்ததும் அரசி கத்தரீன் மாளிகையைத் தன் வசமாக்கிக்கொண்டு, தியானுக்கு வேறொரு மாளிகையைக் கொடுத்தனுப்பினாள். அத்தோடு விட்டாளா? போட்டிக்காரியின் பாலத்தின் மேலேயே நீண்ட கூடம் எழுப்பி அதில் விருந்தும் வைத்தாள்.

அந்தக் கூடத்தின் நீளம் 60 மீட்டர். தரையில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமான கற்கள், இருபுறமும் சாளரங்கள், கீழே ஆறு. முதல் உலகப் போரில் இங்குக் கட்டில்கள் போட்டு, காயமுற்ற வீரர்கள் 2000 பேருக்கும் மேலாக மருத்துவம் செய்திருக்கிறார்கள். அன்றைய உரிமையாளர்களான சாக்லேட் தயாரிப்பாளர் குடும்பத்தார் அதற்கான செலவை ஏற்றனர்.

1940-இல் பிரான்சு தோற்றபோது நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இவ்விடத்தில் ஷேர் ஆறே எல்லைக்கோடு! மாளிகையின் தலைவாசல் ஜெர்மானியர் பிடியில். கூடத்தின் தென்கதவோ அவர்கள் பிடிக்கு வெளியே. விருந்துக்காகக் கட்டிய கூடத்தின் வழியே பலர் மறுகரைக்குத் தப்பினார்கள். 1942 நவம்பரில் ஜெர்மானியர் தெற்கையும் பிடித்துக்கொள்ள, அந்தப் புகலிடமும் இல்லாமற் போயிற்று.

"அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தா உயிர் தப்பின மாதிரி, மாப்பிள்ளை," என்றார் மாமா.

நான் வடகோடிக்குத் திரும்பிச் சென்று, தென்கதவு வரை எட்டுகளை எண்ணிக்கொண்டே மெல்ல நடந்தேன். எண்பத்தாறு. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. கதவுக்கு அப்பால் மரங்களும், நிழலில் அமர்ந்து ரொட்டி தின்னும் ஒரு குடும்பமும்.

— மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவன்