எவர்சில்வரும் அரிக்கும்!

உங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளர் எத்தனை ஆண்டுகள் புழங்கினாலும் துருப்பிடிப்பதில்லை அல்லவா? அதை நம்பித்தான் இரசாயனத் தொழிற்சாலைகளில் அமிலத் தொட்டிகளையும் குழாய்களையும் அதே இனத்து எஃகில் செய்கிறார்கள். ஆனால் தகடுகளை வெல்டிங் செய்து இணைத்த தொட்டி சில சமயம் ஒழுகத் தொடங்கிவிடும். ஒழுகும் இடத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வெல்டிங் செய்த இணைப்பு பழுதில்லாமல் இருக்கும். அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளி, இருபுறமும் கோடு கிழித்தாற்போல் உலோகம் அரித்திருக்கும்!

இந்த எஃகில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. குரோமியம் ஆக்சிஜனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலமாக எஃகைப் போர்த்துகிறது. கீறினாலும் படலம் மீண்டும் தானே உண்டாகும். ஆனால் குரோமியம் சுமார் 11 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்தக் காவல் போய்விடும்.

எஃகில் துளியளவு கார்பனும் இருக்கிறது; அதிகமாகப் போனால் 0.08 சதவீதம். 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் அது குரோமியத்துடன் கூடிக் கார்பைடாகிறது. 6 கார்பன் அணுக்கள் 23 குரோமியம் அணுக்களைப் பிடித்துக்கொள்கின்றன. எடைக்கணக்கில், 1 கிராம் கார்பனுக்கு 16 கிராமுக்கு மேல் குரோமியம்! அப்படியும் மொத்தத்தில் ஒன்றேகால் சதவீதம் அளவுதானே குறையும், மீதி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உலோகம் என்பது நுண்ணிய படிக மணிகள் நெருக்கமாக அமைந்த பொருள். கார்பைடு அம்மணிகளின் எல்லைகளில்தான் படிகிறது. சிறிய கார்பன் அணு தொலைவிலிருந்தும் விரைந்து வந்து சேரும். பெரிய குரோமியம் அணுவால் அப்படி நகர முடியாது. ஆகவே குரோமியம் முழுவதும் எல்லையின் அக்கம்பக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. அங்கே மட்டும் எஃகு காவலிழந்து, அமிலம் எல்லை வழியே உள்ளே புகுந்துவிடுகிறது.

வெல்டிங்கை ஒட்டிய இடம் அந்த வெப்பநிலைகளை வேகமாகக் கடந்து ஆறிவிடும். தொலைவிலுள்ள இடம் அவ்வளவு சூடாவதே இல்லை. நடுவிலுள்ள பட்டைதான் அந்த வெப்பத்தில் அதிக நேரம் அகப்பட்டுக்கொள்கிறது.

1974 செப்டம்பரில் அமெரிக்காவின் டிரெஸ்டன் அணுமின் நிலையத்தில், 2ஆம் உலையின் குழாய்களில் வெல்டிங்குக்கு அருகே விரிசல்கள் காணப்பட்டன. மணி எல்லைகளில் குரோமியம் குறைந்தது, வெல்டிங் விட்டுச்சென்ற இழுவிசை, சுடுநீரில் கரைந்த ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. 1975 தொடக்கத்தில் அதே வகை உலைகள் பலவற்றை நிறுத்திச் சோதிக்க வேண்டியதாயிற்று.

பொருளைச் சுமார் 1050 டிகிரிக்குச் சூடாக்கி உடனே நீரில் குளிர்வித்தால் கார்பைடு கரைந்துவிடும். ஆனால் மாடி உயரத் தொட்டியை எந்த உலைக்குள் வைப்பது! டைட்டானியம் அல்லது நியோபியம் சேர்ப்பது இன்னொரு வழி. கார்பன் குரோமியத்தை விட்டுவிட்டு அவற்றுடன் கூடிவிடும். கார்பனையே 0.03 சதவீதத்துக்குள் அடக்கிவிடுவது இன்று பெரிதும் வழங்கும் முறை. எஃகுத் தகட்டில் '304 எல்' என்ற முத்திரையைக் கண்டால், அந்த 'எல்' இந்தக் குறைந்த கார்பனைத்தான் குறிக்கிறது.