தேர்வு மேடையும் நடுவர் சொல்லும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

போர்க்களத்தில் அஞ்சாது உயிர்விடுவோர் பலர் உண்டு. அவையில் அஞ்சாது நிற்பவர் சிலரே என்பது வள்ளுவர் கருத்து. கல்லூரி விழா நாடகத்திற்கோ இசை நிகழ்ச்சிக்கோ ஆள் தேர்ந்தெடுக்கும் நாளில், அரங்க வாயிலில் காத்து நிற்போர் முகங்களைப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும். ஆனால் மேடையில் தோன்றும் ஐந்து நிமிட அச்சத்தைவிடக் கொடியது ஒன்றுண்டு. நடுவர் சொன்ன ஒரு சொல்லை அறைக்குச் சுமந்து சென்று, விடிய விடிய எண்ணிக் கொண்டிருப்பதே அது. இவ்வாறு நொந்தவர்களுள் சிலர் மறு ஆண்டு அரங்கின் பக்கமே வருவதில்லை. இழப்பு அவர்களுக்கு மட்டுமன்று, கலைக்கும் தான்.

உடலின் வேலை

மேடை ஏறுமுன் நெஞ்சு படபடக்கிறது, நா உலர்கிறது, கை நடுங்குகிறது. இவை கோழைத்தனத்தின் அடையாளங்கள் அல்ல. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலப்பதால் இதயம் விரைந்து துடிக்கிறது. ஆர்வத்திலும் இதே துடிப்புத்தான். அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பாடியவர்கள், "பதற்றமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பாடியவர்களைவிட நன்றாகப் பாடினார்கள்.

எல்லாரும் கவனித்தார்களா?

"வசனத்தை மறந்தேனே, எல்லாரும் சிரித்திருப்பார்களே" என்று மனம் புலம்பும். இதையும் ஆய்ந்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்கள், அணியக் கூச்சம் தரும் படம் பொறித்த சட்டையை ஒரு மாணவருக்கு அணிவித்துப் பிற மாணவர் இருந்த அறைக்குள் அனுப்பினர். இவ்வாறே பலரிடம் சோதித்தனர். அறையிலிருந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பர் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டனர். உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒரு பங்கினரே. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இது. நம் தடுமாற்றம் நமக்குத் தெரியும் அளவிற்குப் பிறருக்குத் தெரிவதில்லை.

சொன்னது எது? சேர்த்தது எது?

"குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை" என்கிறார் நடுவர். அவர் சொன்னது அவ்வளவே. "எனக்கு நடிப்பு வராது, எனக்கு இந்த இடமே பொருந்தாது" என்பவை நாம் சேர்த்துக்கொண்டவை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய நம்மைப் போன்றோரிடம் இந்தச் சேர்க்கை மிகுதி. ஆசிரியர் சொல்லும் சிறு திருத்தமும், "நீ இங்கு வந்ததே தவறு" என்பதுபோல் காதில் விழுகிறது. ஆகவே சொன்னதையும் சேர்த்ததையும் பிரித்தறிதல் நமக்கு மிக இன்றியமையாதது.

வழி எளிது. நடுவர் சொன்ன சொற்களை அன்றே, மாற்றாமல், ஒரு நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். நாள் செல்லச் செல்ல நினைவு அவற்றைப் பெரிதாக்கிவிடும். எதிரே, அதற்குச் செய்யவேண்டிய வேலையை எழுதுங்கள். "குரல் எட்டவில்லை" என்றால், நண்பரை மைதானத்தின் மறுகோடியில் நிறுத்தி வசனம் பேசிப் பழக வேண்டும். "ஒப்பிப்பதுபோல் இருக்கிறது" என்றால், அந்த வரியை யாரிடம், எதற்காகச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்துப் பேச வேண்டும். "சுருதி விலகுகிறது" என்றால், சுருதிப்பெட்டியுடன் மெதுவாகப் பாடிப் பழக வேண்டும். "இன்னும் நன்றாகச் செய்" என்று பொதுவாகச் சொன்னால், "எந்த இடத்தில், ஐயா?" என்று பணிவோடு கேட்கலாம், கேட்பது குற்றமன்று. இரு நடுவர்கள் ஒரே குறையைச் சொன்னால் அதை முதலில் திருத்துங்கள். ஒருவர் மட்டும் சொன்னதைப் பயிற்சியில் சோதித்துப் பாருங்கள்.

தேர்வுப் பட்டியலில் பெயர் இல்லாமை எப்போதும் திறன் குறைவைக் குறிப்பதில்லை. ஆறு பாத்திரங்களே உள்ள நாடகத்திற்கு முப்பது பேர் வந்தால், நன்றாக நடித்தவர்களிலும் சிலர் வெளியே நிற்கத்தான் வேண்டும். பாத்திரத்தின் வயது, உயரம், உடன் நடிப்பவர் குரல் ஆகியவையும் பார்க்கப்படுகின்றன.

சிந்தனையும் கவலையும்

சிந்தனை ஒரு செயலில் போய் முடியும். கவலையோ செக்குமாடுபோல் ஒரே தடத்தைச் சுற்றும். அரைமணி நேரம் எண்ணியும் நோட்டில் எழுத ஒரு வேலை கிடைக்கவில்லையென்றால், அது சிந்தனை அன்று; அதை விட்டுவிட்டு உறங்கச் செல்வதே நலம்.

'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வள்ளுவர், தவறு கண்டபோது இடித்துரைப்பவர்களைத் துணையாகக் கொள்ளச் சொல்கிறார். நடுவரும் அத்தகைய துணைவரே. நண்பர்களே! அடுத்த தேர்வு அறிவிப்பு பலகையில் ஒட்டப்படும்போது, இம்முறை விடுபட்டவர்களின் பெயர்களே முதலில் பதிவாகட்டும்.