புளிப்பு எலும்பைக் கரைக்குமா?

மூட்டு வலிக்கிறது என்றதும் புளியையும் எலுமிச்சையையும் ஒதுக்கிவிடும் பெண்கள் நம் வீடுகளில் நிறைய. இப்போது அந்த அச்சத்தோடு அறிவியல் போலத் தோன்றும் ஒரு பேச்சும் சேர்ந்திருக்கிறது: அமில உணவால் ரத்தம் அமிலமாகும், அதைச் சரிக்கட்ட உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும் என்று. அல்கலைன் (காரத்தன்மை கொண்ட) தண்ணீர் இயந்திரங்கள் இந்தப் பேச்சைச் சொல்லியே விற்கப்படுகின்றன. இதை நம்பி, மாதவிடாய் நிற்கும் வயதில் பருப்பையும் முட்டையையும்கூட அமில உணவு என்று குறைத்துக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

எங்கிருந்து வந்தது?

1968-இல் வாக்மன், பெர்ன்ஸ்டைன் என்ற இருவர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். இறைச்சி போன்ற உணவுகள் உடலில் விட்டுச்செல்லும் அமிலத்தைத் தணிக்க, எலும்பிலுள்ள கார உப்புகள் ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகலாம் என்றார்கள். புரதம் கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுவதும் சோதனைகளில் தெரிந்ததால், கருத்து வலுப்பெற்றது.

ஆனால் அந்தக் கால்சியம் எலும்பிலிருந்துதான் வருகிறது என்று முடிவுகட்டியது அவசரம். புரதம் கூடும்போது குடல் உணவிலிருந்து கூடுதல் கால்சியத்தை உறிஞ்சுகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. அமில உணவுதான் எலும்புத் தேய்வுக்குக் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்று 2011-இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் சொன்னது.

ரத்தம் அப்படி மாறாது

ரத்தத்தின் அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில்தான் நிற்கும். மூச்சுவழி கரியமில வாயுவை வெளியேற்றி நுரையீரலும், மிஞ்சும் அமிலத்தைச் சிறுநீரில் கழித்துச் சிறுநீரகமும் அதைக் காக்கின்றன. சாப்பாட்டுக்கேற்ப மாறுவது சிறுநீர்தான். சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்பதே அதன் பொருள். அல்கலைன் தண்ணீரோ இரைப்பையின் கடும் அமிலத்தில் விழுந்ததுமே தன் காரத்தன்மையை இழந்துவிடும்.

நாக்கில் படும் புளிப்பை வைத்தும் எதையும் கணிக்க முடியாது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தை உடல் எரித்துவிடுகிறது. மிஞ்சுவது காரத்தின் பக்கம். புளிப்பே இல்லாத பாலாடைக்கட்டிதான் அதிக அமிலச் சுமை தருகிறது.

அக்கறை போகவேண்டிய இடம்

உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடுதலாக வெளியேறும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் அன்றாடம் இலையில் இருந்தால் யோசிக்க வேண்டும். புளிக்குழம்பில் குறைக்கவேண்டியதும் உப்பைத்தான்.

பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. பால், தயிர், முள்ளோடு தின்னும் நெத்திலி, முருங்கைக்கீரை எல்லாம் கைக்கெட்டுபவை. வெயில் படாமல் வைட்டமின் டி குறைந்தால், உண்ட கால்சியமும் சரியாகச் சேராது. நடையும் எடை தூக்கும் வேலையும் எலும்புக்கு வேண்டும். காய்கறியும் பழமும் நல்லவைதான். அவற்றுக்காகப் பருப்பைக் கைவிட வேண்டியதில்லை.

உண்மையிலேயே கவனம் தேவைப்படுபவர்கள்

நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு நிலைமை வேறு. அமிலத்தைக் கழிக்க முடியாமல் ரத்தத்தில் அது தேங்கும். அப்போது எலும்பு பாதிக்கப்படுவது உண்மை. இதற்கு மருத்துவர்கள் சோடியம் பைகார்பனேட் மாத்திரை தருவதுண்டு. அதைப் பார்த்துத் தாமாகவே சோடா உப்பைக் கரைத்துக் குடிப்பது ஆபத்து. அதிலுள்ள சோடியம் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். காரம் தருமே என்று இந்நோயாளிகள் பழங்களை அதிகம் உண்டால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறலாம்.

நெஞ்செரிச்சலுக்காக, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களும் கேட்க வேண்டும். நீண்டநாள் அல்லது அதிக அளவுப் பயன்பாட்டில் இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறியும் வாய்ப்பு கூடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-இல் எச்சரித்தது. திடீரென்று நிறுத்த வேண்டாம். அந்த மாத்திரை இன்னும் தேவையா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள்.